ஆறு மாதத்தில் காலி செய்த வீடு: லாக்-இன், அட்வான்ஸ், ஒரு சமரசம்

ஒரு வாடகைதாரர் வீட்டை விட்டுப் போவதை யாராலும் தடுக்க முடியாது. சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டால் முடிந்தது. பிரச்சினை எல்லாம் வீட்டுக்காரர் கையில் இருக்கும் அட்வான்ஸில்தான். லாக்-இன் காலத்துக்குள் (கட்டாயம் இருந்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிய காலம்) காலி செய்தால் அது மொத்தமும் போய்விடும் என்று குடியிருப்பவரும் நம்புகிறார், வீட்டுக்காரரும் நம்புகிறார். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் சட்டம் உங்கள் பக்கம் இருப்பதாலேயே பணம் உங்கள் கைக்கு வந்துவிடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குடும்பம் எப்படி வெளியே வந்தது என்பதை எழுதுகிறேன். ஒப்பந்தங்கள் எழுதிக் கொடுப்பது என் வேலை என்பதால் இது என்னிடம் வந்தது. ஆட்கள் யாரென்று தெரியாதபடி சில விவரங்களையும் தொகைகளையும் மாற்றியிருக்கிறேன்.

நடந்தது

சோழிங்கநல்லூர் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டு படுக்கையறை வீடு. மாத வாடகை 24,000 ரூபாய், மெயின்டனன்ஸ் 3,000 தனி, அட்வான்ஸ் 1,50,000. கணவன், மனைவி, யுகேஜி படிக்கும் பையன் என மூன்று பேர் ஜூன் 1-ஆம் தேதி குடிவந்தார்கள். ஒப்பந்தம் மனைவியின் பெயரில் இருந்தது. அக்டோபர் கடைசியில் அவருடைய அலுவலகம் அவரைக் கோயம்புத்தூருக்கு மாற்றியது. டிசம்பர் முதல் வாரம் அங்கே சேர வேண்டும்.

முதலில் வீட்டுக்காரரிடம் போனில் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அதே குடியிருப்பில் வேறு பிளாக்கில் இருப்பவர். கோபப்படவில்லை. "ஏம்மா, ஒரு வருஷம் லாக்-இன்னு கையெழுத்துப் போட்டிருக்கியே" என்று மட்டும் கேட்டார். மறுநாள் வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கு அனுப்பினார். நவம்பர் 30 அன்று காலி செய்தால் லாக்-இன்னில் மீதி ஆறு மாதம், அதற்கு 1,44,000. பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை 24,000. மொத்தம் 1,68,000. அட்வான்ஸ் போக இன்னும் 18,000 ரூபாய் தர வேண்டும். கடைசி வரியில் "பார்த்துச் செய்யம்மா" என்று எழுதியிருந்தார்.

அந்தக் கடைசி வரியைப் பார்த்துத்தான் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. வக்கீல் நோட்டீஸ் விடும் மனநிலையில் இருப்பவர் அப்படி எழுத மாட்டார்.

என்னிடம் வருவதற்குள் அந்தப் பெண்ணுக்கு ஏகப்பட்ட யோசனைகள் கிடைத்திருந்தன. அலுவலகத்தில் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "வாடகையே கட்டாதே, அட்வான்ஸிலிருந்து கழிச்சுக்கச் சொல்லு." சென்னையில் இது பழகிப்போன வழி. இருவரும் பேசி ஒத்துக்கொண்டு செய்தால் தப்பும் இல்லை. ஒருதலையாகச் செய்தால் அதுவரை எந்தத் தவறும் செய்யாத குடியிருப்பவர் அன்றிலிருந்து வாடகை பாக்கிக்காரர் ஆகிறார். மீதிப் பேச்சு முழுக்க அந்தப் பாக்கியைச் சுற்றியே ஓடும். வேண்டாம், நவம்பர் வாடகையை வழக்கம்போல் 5-ஆம் தேதிக்குள் வங்கி வழியாக அனுப்பிவிடுங்கள் என்றேன். அனுப்பினார்.

ஒப்பந்தத்தைப் படித்தபோது

நாலு பக்க ஒப்பந்தம். எங்கிருந்தோ எடுத்த ஆங்கில மாதிரியில் பெயர், விலாசம், தொகை மட்டும் மாற்றப்பட்டிருந்தது. அதில் நமக்கு வேண்டிய வரிகள் கொஞ்சம்தான். காலம் 24 மாதம். முதல் 12 மாதம் லாக்-இன். அதற்குள் காலி செய்தால் மீதி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளலாம். லாக்-இன் முடிந்த பிறகு இரண்டு பக்கமும் இரண்டு மாத நோட்டீஸ். எப்போது காலி செய்தாலும் பெயிண்டிங்குக்கு ஒரு மாத வாடகை. உள்வாடகைக்கு விடக் கூடாது. குடும்பத்தினருக்கு மட்டும்.

இல்லாத வரிகளும் உண்டு. வேலை மாற்றலானால் என்ன செய்வது என்று ஒன்றும் இல்லை. குடியிருப்பவர் தனக்குப் பதிலாக வேறு ஆளைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்றும் இல்லை.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த ஒப்பந்தம் எங்கேயும் பதிவாகவில்லை. முத்திரைத்தாளில் அச்சடித்து, கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சிகளை வைத்ததோடு விட்டுவிட்டார்கள்.

இது ஏன் முக்கியம்? சொத்து மாற்றுச் சட்டம் 1882-இன் 107-ஆம் பிரிவுப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவுசெய்த பத்திரத்தால்தான் செல்லும். நம் ஊரில் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் 11 மாதத்துக்கு எழுதப்படுவதன் காரணமே இதுதான். 24 மாதம் என்று எழுதிவிட்டுப் பதிவு செய்யாமல் விட்டால், அந்த 24 மாதக் குத்தகை சட்டத்தின் கண்ணில் உருவாகவே இல்லை. குடியிருந்ததும் வாடகை கொடுத்ததும் உண்மை என்பதால் அதை மாதாமாத வாடகையாக எடுத்துக்கொள்வார்கள். உச்ச நீதிமன்றம் 2000-இல் அந்தோணி எதிர் இட்டூப் அண்ட் சன்ஸ் வழக்கில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 106-ஆம் பிரிவுப்படி மாதாமாத வாடகையை முடிக்க 15 நாள் நோட்டீஸ் போதும். பதிவாகாத பத்திரத்திலிருந்து ஒரு நிபந்தனையை மட்டும் பிய்த்தெடுத்து அமல்படுத்தக் கேட்க முடியாது என்று 2008-இல் கே.பி. சாகா வழக்கிலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. லாக்-இன் வரி அப்படிப்பட்ட நிபந்தனைதான்.

இது போதாதென்று தமிழ்நாட்டில் இன்னொரு அடுக்கும் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்தாக வேண்டும். 11 மாதமா 24 மாதமா என்ற வித்தியாசம் அங்கே கிடையாது. சார்பதிவாளர் அலுவலகப் பதிவும் இதுவும் வேறு வேறு. நான் பார்க்கும் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவற்றில் இந்த இரண்டாவது பதிவு இருப்பதில்லை. பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

ஆக, "அந்த ஒப்பந்தமே செல்லாது சார்" என்று ஒரே வரியில் பதில் போட்டிருக்கலாம். போட வேண்டாம் என்றேன். காரணம் சாதாரணமானது. அட்வான்ஸ் 1,50,000 என்று எழுதியிருப்பதும் அதே காகிதம்தான். பணம் வங்கி வழியாகப் போனதால் அதை வேறு விதமாக நிரூபிக்கலாம், சரி. ஆனால் பதிவாகாத ஒப்பந்தத்தோடு வாடகை நீதிமன்றத்தின் படியேறினால் முதல் கேள்வியே பதிவு எண் எங்கே என்பதாகத்தான் இருக்கும். அப்புறம், எழுபது வயதை நெருங்கும் மனிதரிடம் உங்கள் ஒப்பந்தம் குப்பை என்று சொன்னால் அவர் அடுத்துப் போகும் இடம் வக்கீல் வீடு. இந்த ஆயுதம் கையில் இருப்பது நமக்குத் தெரிந்தால் போதும், வெளியே எடுக்க வேண்டியதில்லை.

ஒப்பந்தம் பதிவாகியிருந்தால்கூட

இந்தப் பகுதிதான் மற்றவர்களுக்கும் உதவும் என்று நினைக்கிறேன். ஒப்பந்தம் முறையாகப் பதிவாகி, லாக்-இன் வரி முழுமையாகச் செல்லும் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆறு மாத வாடகை தானாக வீட்டுக்காரருக்குச் சொந்தமாகிவிடாது.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 74-ஆம் பிரிவு இப்படிப்பட்ட தொகைகளைப் பற்றியது. ஒப்பந்தத்தை மீறினால் இவ்வளவு என்று ஒரு தொகை எழுதியிருந்தால், அது உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். 1963-இல் ஃபதே சந்த் வழக்கிலிருந்து நீதிமன்றங்கள் இதைச் சொல்லிவருகின்றன. 2015-இல் கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இழப்பே இல்லாத இடத்தில் இழப்பீடு கிடையாது, இழப்பை நிரூபிக்க முடிந்த இடத்தில் நிரூபித்தாக வேண்டும் என்றது. லாக்-இன் பற்றியே 2012-இல் டெல்லி உயர் நீதிமன்றம் டவர் விஷன் வழக்கில், மீதிக் காலத்து வாடகை என்பது நிலுவைக் கடன் அல்ல, அது நிரூபிக்க வேண்டிய நஷ்டஈட்டுக் கோரிக்கை என்று பார்த்தது.

வீட்டுக்காரர் தரப்பு வக்கீல் 2003-ஆம் ஆண்டு ஓஎன்ஜிசி எதிர் சா பைப்ஸ் தீர்ப்பைக் காட்டலாம். இழப்பை அளப்பது கஷ்டமாக இருந்தால், முன்கூட்டியே நேர்மையாக மதிப்பிட்டு எழுதிய தொகையையே கொடுக்கலாம் என்பது அதன் சாரம். ஆனால் வாடகை வீட்டின் இழப்பை அளப்பதில் என்ன கஷ்டம் இருக்கிறது? எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது என்று எண்ணினால் போதும்.

அதே ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவின் விளக்கம் இன்னொரு பாதியைச் சொல்கிறது. நஷ்டத்தைக் குறைக்க என்ன வழி இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு ஆறு மாதம் மீட்டர் ஓடட்டும் என்று வீட்டுக்காரர் காத்திருக்க முடியாது. வேறு ஆள் தேட வேண்டும். நியாயமான ஆள் வந்தால் மறுக்கக் கூடாது.

அதனால் லாக்-இன் இருக்கிறதா இல்லையா என்று சண்டை போடுவதில் பயனில்லை. வீடு உண்மையில் எத்தனை நாள் சும்மா இருக்கும் என்பதற்குப் பேச்சைத் திருப்ப வேண்டும். அக்டோபர் 28-ஆம் தேதி அனுப்பிய கடிதத்தின் வேலை அதுதான்.

கடிதம்

ஒரு பக்கம்கூட இல்லை. மாற்றல் உத்தரவின் நகலை இணைத்து, நவம்பர் 30 அன்று காலி செய்து சாவி தருகிறேன் என்று தேதியோடு சொன்னது. லாக்-இன் இருப்பது தெரியும், உங்களுக்கு நஷ்டம் வராமல் பார்ப்பது என் கடமை, அதனால் பதிலுக்கு ஒரு குடும்பத்தை நானே தேடித் தருகிறேன், அதோடு ஒரு மாத வாடகையை இழப்பீடாக ஏற்கிறேன் என்றது. நவம்பர் மாதம் முழுக்க மாலை ஆறு மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வந்து வீட்டைப் பார்க்கலாம் என்றும் ஒரு வரி. சட்டப் பிரிவு எதையும் குறிப்பிடவில்லை. பதிவுத் தபாலில் ஒன்று, மின்னஞ்சலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று.

ஒரு மாத வாடகையைத் தொடக்கத்திலேயே ஏன் சொல்ல வேண்டும், பேரத்தில் அது கீழே போயிருக்குமே என்று அவருடைய கணவர் கேட்டார். போயிருக்கலாம். ஆனால் முதல் கடிதத்திலேயே ஒரு நியாயமான எண் இருந்தால் அடுத்த பேச்சு அந்த எண்ணைச் சுற்றி நடக்கும். இல்லாவிட்டால் ஏற்கனவே மேஜையில் கிடக்கும் 1,68,000-ஐச் சுற்றித்தான் நடந்திருக்கும்.

மார்கழிக் கணக்கு

வீட்டுக்காரர் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். நானும் போனேன். காபி கொடுத்தார்கள். அவருடைய மனைவிதான் விஷயத்தை உடைத்துச் சொன்னார்: "நவம்பர் கடைசியில போனா கார்த்திகைல பதினஞ்சு நாள்தான் இருக்கு. மார்கழி பொறந்துட்டா யாரும்மா வீடு மாறுவாங்க? தை வரைக்கும் பூட்டித்தானே கெடக்கும்?"

இதைவிடச் சரியான வாதத்தை எந்த வக்கீலும் வைத்திருக்க முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் பால் காய்ச்சிக் குடிபோகிறவர்கள் குறைவு. பள்ளிக் குழந்தைகள் உள்ள குடும்பங்கள் பொதுவாக ஏப்ரல், மே மாதங்களில்தான் வீடு தேடும். டிசம்பர் 16 வாக்கில் மார்கழி பிறந்துவிடும். அதற்குள் ஆள் வராவிட்டால் அடுத்தது ஜனவரி நடுவில். அப்படியானால் ஒன்றரை மாத வாடகை நிஜமாகவே போகும், 36,000 ரூபாய். மெயின்டனன்ஸும் அவர் தலையில் விழும். அந்த வீட்டுக்கு வங்கிக் கடன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆனால் அந்த அம்மாவின் பேச்சோடு 1,44,000 என்ற எண் மறைந்துபோனது. அவர்களுடைய பயமே ஒன்றரை மாதம்தான். யாரும் அதைச் சுட்டிக்காட்டவில்லை, சுட்டிக்காட்டத் தேவையும் இல்லை. "அப்போ கார்த்திகைக்குள்ள ஆள் கொண்டுவந்துட்டா, ஆன்ட்டி?" என்று இவர் கேட்டார். "கொண்டு வா, பாக்கலாம்" என்றார் வீட்டுக்காரர்.

ஆள் தேடியது

முதலில் வந்தவர்கள் ஐடி வேலை பார்க்கும் இரண்டு இளைஞர்கள். பேச்சிலர் வேண்டாம் என்றார் வீட்டுக்காரர். ஒப்பந்தத்திலேயே குடும்பத்துக்கு மட்டும் என்று இருப்பதால் அதைக் குறை சொல்ல முடியாது. இரண்டாவது வந்தது ஒரு குடும்பம், கூடவே ஒரு லாப்ரடார். அதுவும் நடக்கவில்லை.

மூன்றாவது குடும்பத்தில்தான் சிக்கல். மனைவி தனியார் மருத்துவமனையில் செவிலியர், கணவர் கணக்காளர், கூட அவருடைய அம்மா. ஊர் நாகர்கோவில் பக்கம். வாடகைக்கு ஒத்துக்கொண்டார்கள், மூன்று மாத அட்வான்ஸ் உடனே தருவதாகச் சொன்னார்கள். வீட்டுக்காரர் கேட்ட கேள்வி, "மீன் சமைப்பீங்களா?" சமைப்போம் என்றார்கள். "சொல்லி அனுப்பறேன்" என்று உள்ளே போய்விட்டார். ஒரு வாரம் பதில் இல்லை.

இதற்கு நடுவில் கணவர் ஒரு வாடகை விளம்பர ஆப்பில் தங்கள் வீட்டையே பார்த்தார். அவர்கள் குடியிருக்கும் ஹால், அவர்களுடைய சோஃபா, ஜன்னலில் அவர்கள் வாங்கிப்போட்ட திரை. டிசம்பர் 1 முதல் கிடைக்கும், வாடகை 26,000. விளம்பரம் போட்டவர் வீட்டு உரிமையாளர். கணவருக்கு ரத்தம் கொதித்தது. 24,000 வீதம் நஷ்டம் கேட்கிறவர் அதே மாதத்தில் 26,000-க்கு ஆள் தேடுகிறார் என்றால் என்ன அர்த்தம்? உடனே போய்க் கேட்கிறேன் என்றார்.

எனக்கு அது நல்ல செய்தியாகப் பட்டது. வீட்டுக்காரர் நஷ்டத்தைக் குறைக்கும் வேலையை அவரே தொடங்கிவிட்டார். இனி லாக்-இன் தொகை முழுவதும் வேண்டும் என்று அவர் எந்த இடத்திலும் பேச முடியாது. தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கச் சொன்னேன். மின்னணு ஆதாரத்தை நீதிமன்றத்தில் காட்ட, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அந்த அளவுக்குப் போகப் போவதில்லை என்றாலும், எடுத்த போனை மாற்றாமல், படத்தை வெட்டாமல் வைத்திருப்பது நல்லது.

ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி மூச்சே விடாமல் ஒரு மின்னஞ்சல் போனது. இந்த இந்தத் தேதியில் இன்னின்னார் வந்து பார்த்தார்கள், மூன்றாவது குடும்பம் இன்றைக்கும் தயாராக இருக்கிறது, நீங்கள் வேறு ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவும் சந்தோஷம், எதுவானாலும் சொல்லுங்கள். அவ்வளவுதான். "அதுவும் சந்தோஷம்" என்ற வார்த்தையில் விளம்பரம் தெரிந்துவிட்டது என்பதை அவர் புரிந்துகொண்டிருப்பார்.

இரண்டு நாள் கழித்து செவிலியர் குடும்பத்துக்குச் சரி என்றார், வாடகை 25,000-க்கு. ஆப்பில் போட்ட 26,000-க்கு யாரும் வரவில்லை என்பது பிறகு தெரிந்தது. டிசம்பர் 11 அன்று பால் காய்ச்ச நாள் பார்த்தார்கள். வாடகை 15-ஆம் தேதியிலிருந்து.

சாவி கொடுத்த நாள்

நவம்பர் 30 மாலை, காலியான வீடு. வீட்டுக்காரர் டார்ச்சோடு வந்தார்.

ஹால் சுவரில் டிவி மாட்டிய நாலு ஓட்டை. சமையலறை சிங்க்குக்குக் கீழே தண்ணீர்க் கறை, அது குடிவந்தபோதே இருந்தது, ஜூன் மாதத்தில் எடுத்த வீடியோவில் தெரிந்தது. பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் தளர்ந்திருந்தது. படுக்கையறையில் மூன்றடி உயரம் வரை பையனின் கிரேயான் ஓவியங்கள், ரயில், யானை, சக்கரம் நிறைய இருந்த ஒரு பஸ். அதற்கு முன்னால் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் நின்றார். "இதுக்குமேல பெயிண்ட் ஒட்டாதும்மா, பிரைமர் அடிக்கணும்" என்றார். உண்மைதான், மெழுகின்மேல் பெயிண்ட் பிடிக்காது.

புழக்கத்தால் வரும் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பல்ல என்பதைச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவே ஏற்கிறது. ஆறு மாதத்தில் மங்கிய சுவருக்கு முழு வீட்டுப் பெயிண்டிங் கேட்பது அதிகம். கிரேயான் தேய்மானக் கணக்கில் வராது. பெயிண்டரைக் கூப்பிட்டு அந்த அறைக்கும் ஹால் சுவருக்கும் மட்டும் விலை கேட்டார்கள், பொருளோடு 10,000 என்றார். ஒப்பந்தத்தின் 24,000 அந்த இடத்திலேயே 10,000 ஆனது. பெயிண்டர் முன்னால் நிற்கும்போது பேசியதால்தான் இது சுலபமாக முடிந்தது என்பது என் எண்ணம். போனில் பேசியிருந்தால் ஒரு மாதம் இழுத்திருக்கும்.

மின்சாரம் தனித் தலைவலி. தமிழ்நாட்டில் வீட்டு மின்கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. கணக்கெடுப்பு நடுவில் ஒருவர் போய் இன்னொருவர் வந்தால் ஒரே பில்லில் இரண்டு குடும்பத்தின் யூனிட்டும் சேரும். மொத்தம் 500 யூனிட்டைத் தாண்டினால் விகிதமே மாறிவிடும், அந்தக் கூடுதல் யார் தலையில் என்று சண்டை வரும். அதனால் அன்றைய மீட்டர் எண்ணைப் படம் எடுத்து, கடைசிக் கணக்கெடுப்பிலிருந்து அதுவரை ஓடிய யூனிட்டுக்கு மட்டும் தனியாகக் கணக்குப் போட்டார்கள். 1,840 ரூபாய் வந்தது. அசோசியேஷனில் பாக்கி இல்லை என்று ஒரு சீட்டும் வாங்கியாயிற்று. மூன்று சாவி, ஒரு லெட்டர்பாக்ஸ் சாவி, கார் ஸ்டிக்கர்.

பிறகு ஒப்படைப்புக் கடிதத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். எந்தத் தேதியில் வீட்டை ஒப்படைத்தார், வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார், அட்வான்ஸில் எது எதற்கு எவ்வளவு கழிகிறது, மீதி எப்போது தரப்படும், அதன்பின் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குக் கோரிக்கை இல்லை. சொத்து மாற்றுச் சட்டம் இதை ஒப்படைப்பு என்கிறது, அதன் 111-ஆம் பிரிவில் வருகிறது. இந்தத் தாள் இல்லாமல் சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். அப்புறம் எந்தத் தேதி வரை வாடகை என்பதே வழக்காகிவிடும்.

கணக்கு

அட்வான்ஸ் 1,50,000. இழப்பீடாக ஒரு மாத வாடகை 24,000, பெயிண்டிங் 10,000, மின்சாரம் 1,840, மொத்தக் கழிவு 35,840. திரும்ப வர வேண்டியது 1,14,160.

அதை ஒரே தவணையில் தர வீட்டுக்காரரிடம் பணம் இல்லை. இதில் வியப்பு ஒன்றுமில்லை. அட்வான்ஸை யாரும் தனியாக எடுத்து வைப்பதில்லை, அடுத்த குடித்தனக்காரரின் அட்வான்ஸ் வந்தால்தான் முந்தையவருக்குத் திரும்பும். காலி செய்த ஒரு மாதத்துக்குள் கழிவு போகத் திருப்பித் தர வேண்டும் என்பது 2017 சட்டத்தின் 11-ஆம் பிரிவு. அதே பிரிவு பொதுவான அளவாகச் சொல்வது மூன்று மாத வாடகை. இவர் கொடுத்திருந்தது ஆறு மாதத்துக்கும் மேல். அன்று 60,000 வங்கியில் ஏறியது. மீதி 54,160 டிசம்பர் 12 அன்று, புதியவர்கள் குடிவந்த மறுநாள் வந்தது. புதிய குடும்பத்தைச் சீக்கிரம் கொண்டுவருவது வீட்டுக்காரரின் நஷ்டத்தைக் குறைக்கும் என்பது தெரிந்ததுதான். நம் அட்வான்ஸ் கைக்கு வரும் தேதியும் அதில்தான் தொங்குகிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

வீட்டுக்காரருக்கு உண்மையில் போனது அரை மாத வாடகை 12,000, அரை மாத மெயின்டனன்ஸ் 1,500. புது வாடகையில் மாதம் ஆயிரம் கூடுதல் கிடைக்கிறது. கறாராகப் பார்த்தால் 24,000 அதிகம்தான், கணவர் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார். எனக்கு அது நியாயமாகவே படுகிறது. ஒரு வருடம் இருப்பேன் என்று சொல்லி ஆறு மாதத்தில் கிளம்பியது இவர்கள்தான். லாக்-இன் முடிந்து போயிருந்தாலே இரண்டு மாத நோட்டீஸ் தர வேண்டியிருந்திருக்கும், இவர்கள் தந்தது ஒரு மாதம். மிச்சமிருக்கும் பத்தாயிரத்துக்காக கோயம்புத்தூரிலிருந்து சென்னைக்கு வாய்தாவுக்கு வந்துபோகும் ரயில் கட்டணம், விடுப்பு, வக்கீல் கட்டணம் எல்லாம் கூட்டினால் தாங்காது.

வீட்டுக்காரர் சாவியையே வாங்க மறுத்திருந்தால் வழி வேறு. சாவியை இன்ன தேதியில் கொடுக்க வந்தேன், வாங்கவில்லை என்று அன்றே பதிவுத் தபாலில் எழுதி, வீடு காலியாக இருப்பதைத் தேதியோடு படமெடுத்து, வக்கீல் மூலம் நோட்டீஸ் விட வேண்டியிருந்திருக்கும். சாவியைப் பிடித்துவைத்துக்கொண்டு அட்வான்ஸ் தந்தால்தான் கொடுப்பேன் என்று நிற்பவர்களும் உண்டு. அதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். சாவி உங்களிடம் இருக்கும் ஒவ்வொரு நாளும் வீடு உங்கள் வசத்தில் இருப்பதாகவே கணக்கு, வாடகை ஏறிக்கொண்டே போகும்.

புது ஒப்பந்தம்

செவிலியர் குடும்பத்துக்கான ஒப்பந்தத்தை எழுதித் தரச் சொல்லி வீட்டுக்காரர் என்னிடமே வந்தார். 11 மாதம் என்று போட்டோம். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சொன்னேன், அதற்கான ஆதார் நகல்களையும் புகைப்படங்களையும் வாங்கிக்கொண்டோம். லாக்-இன் வேண்டும் என்றார், ஆறு மாதம் வைத்தோம். அதன் கீழே இந்த வரியைச் சேர்த்தேன்:

"வேலை மாற்றல் அல்லது மருத்துவக் காரணத்தால் லாக்-இன் காலத்துக்குள் காலி செய்ய நேர்ந்தால், வாடகைதாரர் ஆதாரத்துடன் ஒரு மாத நோட்டீஸ் தந்து, ஒரு மாத வாடகையை இழப்பீடாகச் செலுத்தி விடுபடலாம். வாடகைதாரர் கொண்டுவரும் தகுதியான குடும்பத்தை உரிமையாளர் தக்க காரணமின்றி மறுக்கக் கூடாது."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். முதல் வாக்கியம் இருக்கட்டும், இரண்டாவதை எடுத்துவிடுங்கள் என்றார். தக்க காரணம் எது என்று யார் சொல்வது, நாளைக்கு அதை வைத்தே என்னிடம் சண்டைக்கு வருவார்கள் என்பது அவர் வாதம். தவறில்லை. கடைசியில் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டோம்: புதியவர் குடிவந்த நாளிலிருந்து பழைய வாடகைதாரருக்கு வாடகைப் பொறுப்பு இல்லை. அதற்கு உடனே கையெழுத்துப் போட்டார். பெயிண்டிங் வரியில் "ஒரு மாத வாடகை" என்பதை அடித்துவிட்டு "உண்மையான செலவு, பில்லுடன்" என்று திருத்தியது செவிலியரின் மாமியார்.